வாழைத்தண்டு அரணும் கணினித் தமிழும்

சிங்கப்பூரின் தென்பகுதியில் அமைந்த புக்கிட் மேரா என்னும் ஊர்ப்பெயர்க்குச் செங்குன்று என்பது பொருள். மலாய் மொழியில் 'புக்கிட்' குன்றையும் 'மேரா' சிவப்பு நிறத்தையும் குறிக்கும். செம்மண் நிலத்துக்கு அப்பெயர் வாய்த்ததில் வியப்பொன்றும் இல்லை. ஆயினும் மக்கள் வழக்கில் அதற்கு வேறொரு காரணம் சொல்லப்படுகின்றது.

'செஜாரா மெலாயு' எனப்படும் பழைய மலாய் வரலாற்று நூலில் அக்கதை இடம்பெற்றுள்ளது. ஒரு காலத்தில் கூர்மூக்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையில் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றன. அரசன் தன் வீரர்களைக் கரையோரம் வரிசையாக நிறுத்தி, அவர்தம் கால்களையே அரணாக அமைத்தான். வீரர் பலர் மாண்டனரேயன்றி மீன்கள் ஓயவில்லை. அப்போது ஒரு சிறுவன், கால்களுக்கு மாறாக வாழைத்தண்டுகளை அரணாக நிறுத்தலாமே என்றான். அவ்வாறே செய்தனர். பாய்ந்து வந்த மீன்களின் மூக்குகள் தண்டில் சிக்கிக்கொண்டன, ஊர் பிழைத்தது. பின்னர் அச்சிறுவனின் அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான் என்றும், அவன் குருதி படிந்தே குன்று சிவந்தது என்றும் கூறுவர்.

கதையின் முடிவு துயரமானது. ஆயினும் அதன் நடுவில் ஓர் உண்மை உண்டு. கல்மதில் எழுப்புவதற்கு அன்று நாளில்லை. வாழைத்தண்டு கையெட்டும் இடத்தில் இருந்தது. சில நாளில் அழுகக்கூடிய பொருளே எனினும், அன்றைய உயிர்களை அன்றே காத்தது. வேண்டும்போது வேறு தண்டுகளை நட்டுக்கொள்ளலாம்; காலம் வாய்த்தால் கல்மதிலும் எழுப்பலாம்.

பலர் கூடி ஆக்கும் மென்பொருளின் வரலாற்றிலும் இதே வினா எழுகின்றது. முற்றும் செம்மையுறும்வரை வெளியிடாது காப்பதா? பயன்படும் அளவுக்கு ஆனவுடன் வெளியிட்டுப் பின்னர்த் திருத்துவதா? வெளியிடுவதாயின் எவ்வடிவில் கட்டிக் கொடுப்பது? கணினித் தமிழின் வரலாறு இவ்வினாக்களுக்கு விலை கொடுத்துக் கற்ற விடைகளைக் கொண்டுள்ளது. அவ்வரலாற்றின் முதன்மையான சில நிகழ்ச்சிகள் சிங்கப்பூரிலேயே நடந்தன.

நான்மொழிக் கவிதைத் தளம்

1995-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத் தளத்தைத் தொடங்கி வைத்தார். 1984 முதல் 1995 வரையிலான சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு அது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு ஆட்சிமொழிகளிலும் கவிதைகள் அத்தளத்தில் இடம்பெற்றன. இணையத்தில் தமிழ் எழுத்து தமிழாகவே தோன்றிய தொடக்கக் காலப் பக்கங்களுள் அது தலையாயது.

அதன் தமிழ்ப் பகுதிக்குக் காரணராய் நின்றவர் நா. கோவிந்தசாமி (1946–1999). சிறுகதை ஆசிரியராகவும் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளராகவும் விளங்கிய அவர், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் இணைந்து இப்பணியைச் செய்தார். அவர் உருவாக்கிய தமிழ் எழுத்து முறைக்குக் 'கணியன்' என்று பெயர். யாதும் ஊரே என்று உலகை நோக்கிய புலவனை நினைவூட்டும் அப்பெயர் இணையத்துக்கு மிகவும் பொருந்துவதே.

கோவிந்தசாமிக்கு முன்பும் கணினியில் தமிழ் இருந்தது. கனடாவில் 1980-களிலேயே 'ஆதமி' என்னும் தமிழ்ச் சொற்செயலி உருவாயிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை விண்டோஸ், மாக்கின்டாஷ், யூனிக்ஸ் ஆகிய மூவகைக் கணினிக்கும் விலையின்றி வழங்கினார். இவையெல்லாம் இன்று சொல்லப்படும் பொருளில் திறமூல மென்பொருள்கள் அல்ல. மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் யாவர்க்கும் உரிமை தருவதே திறமூல மென்பொருள். விலையின்றிக் கிடைப்பது வேறு; திறந்து கிடைப்பது வேறு. எனினும் பிற்காலத் திறமூலத் தமிழ்ப் பணிகட்கு நிலம் பண்படுத்தியவை இம்முயற்சிகளே.

காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடு என்னும் ஒருங்குறி அட்டவணையின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. தமிழும் அதில் இடம்பெற்றிருந்தது. அவ்வாறாயின் 1995-இல் தனித்தனி முறைகளை ஏன் ஆக்க வேண்டும் என்று இன்றைய மாணவர் வினவக்கூடும்.

அட்டவணை இருந்ததேயன்றி அதனைப் படித்துக் காட்டும் கணினி அக்காலத்தில் மக்கள் கையில் இல்லை. 'கெ' என்று எழுதும்போது ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் கொம்பைக் கண்ணுக்கு முன்னால் காட்டவேண்டும். இதற்குத் தனித் திறன் வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000-தான் 'லதா' என்னும் எழுத்துருவுடன் அத்திறனைப் பலர் கைக்கும் கொண்டுவந்தது. அட்டவணை பிறந்ததற்கும் அது பயன்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ 9 ஆண்டுகள். இணையம் உலகெங்கும் பரவிய ஆண்டுகளே அவை. தமிழர் அதுவரை காத்திருந்தால் இணையத்தின் முதற் பத்தாண்டில் தமிழ் ஊமையாய் நின்றிருக்கும். ஆகவே விரைந்து வெளியிட்டமை பிழையன்று; காலத்தின் தேவை.

ஆனால் விரைவுக்கு ஒரு விலையும் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பம்போல் எழுத்துகளுக்கு எண்களை இட்டுக்கொண்டது. ஒன்றில் ககரத்துக்கு இட்ட எண் மற்றொன்றில் மகரத்துக்கு இருக்கும். அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தாலன்றி மடலைப் படிக்க இயலாது. ஒரு தமிழாசிரியர் அரும்பாடுபட்டுத் தட்டெழுதிய பாடக்குறிப்பு பக்கத்துப் பள்ளியின் கணினியில் வெறும் குறிகளாய்த் தோன்றும். வாழைத்தண்டுகள் பல நடப்பட்டன. ஆனால் ஒரே வரிசையில் நடப்படவில்லை.

இக்குறையை ஆராய 1997-ஆம் ஆண்டு மே 17, 18 ஆகிய நாள்களில் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு கூடியது. தமிழ் இணைய மாநாடுகளுள் முதலாவது அதுவே.

அதே மாதம், வேறொரு நாடு

அதே மே மாதத்தில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் லினக்ஸ் ஆர்வலர் கூடிய மாநாட்டில் எரிக் ரேமண்ட் என்னும் அமெரிக்கர் ஒரு கட்டுரை படித்தார். மென்பொருளை விரைவாகவும் அடிக்கடியும் வெளியிட வேண்டும், பயன்படுத்துவோர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். பிழைகளைக் காணப் பல கண்கள் வேண்டும். மூடிவைத்த பொருளைப் பல கண்கள் காண இயலாது என்பது அவர் கருத்து.

அக்கருத்துக்குச் சான்றாய் நின்றது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட முதற்பதிப்பின் எண் 0.01. பிறிதொரு முறைமையின் துணையின்றி அதனைப் பயன்படுத்தவும் இயலாது. அந்நிலையிலேயே அவர் அதனை உலகுக்குக் காட்டினார். 1.0 என்னும் எண்ணை அவர் இட்டது 1994-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான். சுழியில் தொடங்கும் எண் ஓர் அறிவிப்பு: 'இது வளர்கின்ற பயிர், இதனை நம்பி வீடு கட்டாதீர், ஆனால் வந்து பார்த்துக் குறை சொல்வீர்' என்பது அதன் பொருள்.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். கிடைக்கக்கூடிய ஏடெல்லாம் கிடைத்து, ஐயமெல்லாம் தீர்ந்த பின்னரே அச்சிடுவது என்று அவர் இருந்திருந்தால் அந்நூல் அவ்வாண்டு வந்திராது. இரண்டாம் பதிப்பு 1907-இல் திருத்தங்களுடன் வந்தது. புறநானூறு 1894-இல் வந்து, 1923-இல் மறுபதிப்புக் கண்டது. கண்ட பாடவேறுபாடுகளை மறைக்காது குறித்துக் காட்டியமையே அப்பதிப்புகளின் பெருமை. மென்பொருள் ஆக்குவோர் ஒவ்வொரு பதிப்புடனும் சேர்க்கும் மாற்றக் குறிப்பும் இதே அறத்தின் பாற்பட்டதே: எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒளிக்காமல் சொல்வது.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். சிந்தாமணியின் முதற்பதிப்பில் ஒரு சொல் பிழையாய் இருப்பின் இரண்டாம் பதிப்பில் திருத்தலாம். அதனால் பிற நூல்கள் கெடா. எழுத்துக்கு இட்ட எண்ணை மாற்றினாலோ, அவ்வெண்ணை நம்பி எழுதப்பட்ட நூல்கள் அனைத்தும் ஒருங்கே பாதிப்புறும். இதனைத் தமிழுலகம் கற்றது 'இ' என்னும் ஓர் எழுத்தின் வழியாக.

இடம் பெயர்ந்த இகரம்

1997 மாநாட்டுக்குப் பின் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர் மின்னஞ்சல் வழியே கூடி ஒரு பொது அட்டவணையை வகுக்க முற்பட்டனர். அதுவே 'திஸ்கி' எனப் பெயர் பெற்றது. அக்காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்த இடங்கள் 256. முற்பாதியாகிய 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்டிருந்தன. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் அடக்குதல் வேண்டும். எனவே உயிரெழுத்துகள், அகரமேறிய எழுத்துகள், புள்ளியெழுத்துகள், உகர ஊகார உயிர்மெய்கள் ஆகியவற்றுக்குத் தனியிடம் தந்து, கொம்பு, கால் முதலியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக வைத்தனர். குறியைத் தனியே சேர்த்து எழுத இயலாத 'டி', 'டீ' ஆகிய இரண்டுக்கும் தனியிடம் கிடைத்தது. இட நெருக்கடியில் குடித்தனம் நடத்துவது எவ்வாறு என்பதற்கு இவ்வட்டவணை ஒரு நல்ல பாடம்.

அந்த 128 இடங்களிலும் சில வழுக்கு நிலங்கள். 160-ஆம் இடம் ஐரோப்பிய அட்டவணையில் உடையாத வெற்றிடத்துக்கு உரியது. 173-ஆம் இடம் 'மென் இணைகோடு' எனப்படும் குறிக்கு உரியது. சொல்லை வரியீற்றில் பிரிக்கும்போது மட்டும் தோன்றி, மற்ற நேரத்தில் மறைந்து நிற்கும் குறி அது. 160-ஐத் திஸ்கி பயன்படுத்தாது விடுத்தது. 173-ஆம் இடமோ இகரத்துக்கு வாய்த்தது. அவ்வெண்ணை மறைகுறியாகவே கருதும் மென்பொருள்களில் 'இ' என்னும் எழுத்துக்கு இடையூறு நேர்வது இயல்பன்றோ? 'இலக்கியம்' என்று எழுதினால் 'லக்கியம்' என்று நிற்கும் நிலை!

1.7 என்னும் பதிப்பில் இகரத்துக்கு 254-ஆம் இடம் தரப்பட்டது. பழைய இடத்தில் அது எழுதப்பட்டிருந்தாலும் இகரமாகவே கொள்ளும் வகையில் மாற்றுநிரல்கள் அமைந்தன. ஏற்கெனவே எழுதப்பட்டவை கெடாமலும் இனி எழுதப்படுபவை பிழையாமலும் காக்க இதுவே வழி.

இந்நெறியை உணரப் புக்கிட் மேரா வட்டாரத்திலேயே மற்றொரு நிகழ்ச்சி உண்டு. 1961-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய பெருந்தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் அமைக்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எளிய ஓரறை வீடுகளை உள்ளிட்ட அடுக்குமாடிகளை விரைந்து கட்டியது. ஓராண்டுக்குள் பெரும்பாலான குடும்பங்கள் குடியேறின. அவை நிறைவான வீடுகள் அல்ல. ஆனால் வீதியில் நின்றவர்க்கு அன்று வேண்டியது நிறைவான வீடன்று, கூரை. பின்னாளில் அவ்வட்டாரத்தில் பெரிய வீடுகள் எழுந்தன. சிறிய வீட்டைக் கட்டித் தருவதில் இழுக்கில்லை. மாற்றிடம் காட்டாமல் குடியிருப்போரின் கதவை அடைப்பதே இழுக்கு. இகரத்துக்குப் புதுவீடு தந்தபோது பழைய கதவையும் திறந்துவைத்தமை இவ்வறத்தின்பாற் பட்டதே.

இரு மாநாடுகள்

1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு கூடியது. 'டாம்', 'டாப்' என்னும் இரு அட்டவணைகளும் 'தமிழ்99' விசைப்பலகையும் அங்கே முன்வைக்கப்பட்டுத் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. ஒருபுறம் திஸ்கி, மறுபுறம் டாமும் டாபும் என்று பொதுமை தேடிப் புறப்பட்டவர் இரு பாதையில் நின்றனர். விசைப்பலகை நிலைத்தது, அட்டவணைகள் யாவும் பின்னர் ஒருங்குறிக்கு வழிவிட்டன.

அவ்வாண்டு மே மாதத்தில் நா. கோவிந்தசாமி 53 வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு சூலையில் மூன்றாவது மாநாடு அவர் ஊராகிய சிங்கப்பூரிலேயே கூடியபோது அவர் இல்லை. அம்மாநாட்டை ஒட்டி, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், சுருக்கமாக 'உத்தமம்', தோன்றியது. தனிமனிதர் தோளில் நின்ற பணியை ஓர் அமைப்பின் தோளுக்கு மாற்றும் முயற்சி அது. திறமூல முறையின் ஆழ்ந்த நோக்கமும் இதுவே. ஆக்கியவர் மறைந்தாலும் ஆக்கம் மறையலாகாது. மூலநிரலும் அட்டவணையும் பொதுவில் இருந்தால் எங்கோ இருக்கும் ஒருவர் அதனை எடுத்து நடத்துவார்.

கட்டிக் கொடுக்கும் கலை

எத்துணைச் சிறந்த மென்பொருளாயினும் பயன்படுத்துவோர் கைக்குச் சேரும் வடிவில் கட்டிக் கொடுக்கப்படாவிடில் வீணே. கடைக்காரர் அரிசியை மூட்டையாகவும் விற்பார், படியாகவும் அளப்பார். வாங்குவோரின் வீட்டையும் வண்டியையும் பொறுத்தது அது.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் முகுந்தராஜ் சுப்பிரமணியன் முதலானோர் 'தமிழா' என்னும் குழுவின் வழியே வழங்கிய 'எ-கலப்பை' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் தட்டெழுதும் மென்பொருளாகிய அது, அஞ்சல் விசைமுறைக்கு ஒரு பொதி, தமிழ்99 முறைக்கு ஒரு பொதி, பாமினி முறைக்கு ஒரு பொதி எனத் தனித்தனியே கிடைத்தது. தமக்குப் பழகிய முறை எதுவோ அதனை மட்டும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். வேண்டாத பத்தையும் காட்டி விழிக்கச் செய்யாமல் வேண்டிய ஒன்றை மட்டும் கையில் தந்தமையே அதன் பரவலுக்குத் துணையாயிற்று.

ஆனால் அதன் அடியில் ஒரு சிக்கலும் இருந்தது. தொடக்கப் பதிப்புகள் 'கீமேன்' என்னும் பிறர் மென்பொருளின்மீது கட்டப்பட்டவை; கீமேன் அக்காலத்தில் திறமூலமாக இல்லை. ஆகவே 3.0 பதிப்பை அச்சார்பின்றிப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. பிறர் நிலத்தில் எழுப்பிய வீட்டுக்கு முழு உரிமை கோர இயலாது. ஒரு மென்பொருள் எவற்றைச் சார்ந்து நிற்கின்றது, அவற்றின் உரிமம் யாது என்பதனை முதல் வெளியீட்டுக்கு முன்பே ஆராய்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

பொதி கட்டுதலை ஓர் ஒழுங்குமுறையாகவே வளர்த்தது டெபியன் என்னும் திட்டம். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய அத்திட்டத்தில், ஒவ்வொரு பொதிக்கும் பெயர், பதிப்பெண், சார்புப் பட்டியல், உரிமம், மாற்றக் குறிப்பு, பொறுப்பாளர் பெயர் ஆகியன இருத்தல் கட்டாயம். புதிய பொதி முதலில் 'நிலையற்றது' என்னும் முற்றத்துக்கு வரும். குறை தோன்றாவிடின் 'ஆய்வு' முற்றத்துக்குச் செல்லும். இறுதியில் 'நிலையானது' என்னும் உள்வீட்டை அடையும். ஆர்வலர் முற்றத்திலேயே சுவைத்துப் பார்க்கலாம். பள்ளியும் அலுவலகமும் உள்வீட்டில் உள்ளதையே கொள்ளலாம். விரைவும் நிலைபேறும் ஒன்றோடொன்று மோதாமல் வாழ வழிகண்ட ஏற்பாடு இது. டெபியனின் தமிழ் எழுத்துருப் பொதிகளுள் ஒன்றில் 'பரணர்' என்னும் பெயருடைய எழுத்துரு உள்ளது. சங்கப் புலவர் பெயரைத் தாங்கிய அவ்வுரு உலகின் எம்மூலையிலும் ஒரே கட்டளையில் கணினிக்குள் வந்து அமரும்.

நூல்களைக் கட்டிக் கொடுத்த வகையில் மதுரைத் திட்டம் போற்றத்தக்கது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய அத்திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவில் தந்தது. ஒரே நூலைத் திஸ்கி வடிவிலும், ஒருங்குறி வடிவிலும், எழுத்துருவைத் தன்னுள்ளேயே பொதிந்துகொண்ட பி.டி.எப். வடிவிலும் வழங்கியது. எவ்வகைக் கணினி வைத்திருப்பவரும் வெறுங்கையோடு திரும்பவேண்டியதில்லை.

இனித் திட்டமிடுவோர்க்கு

இன்றைய திறமூலத் தமிழ்ப் பணிகளுள் முத்து அண்ணாமலை முதலானோர் ஆக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்நூலகம் குறிப்பிடத்தக்கது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட அது, பிற நிரலர் தம் பணியில் எடுத்து இணைத்துக்கொள்ளத்தக்க பொதியாக அமைந்தது. அதன் தேவையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று கேட்டால் தொடக்கப்பள்ளி மாணவரும் மூன்று என்பர். கணினியோ ஐந்து என்கும். ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாக அச்சொல் சேமிக்கப்படுவதே காரணம். கணினிக்குத் தமிழ் இலக்கணப்படி எண்ணக் கற்பிக்கும் இவ்வடிப்படைப் பணியை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வது வீண் உழைப்பு. ஒருமுறை செய்து, திருத்தி, பொதியாக்கிப் பொதுவில் வைத்தால் அகராதி ஆக்குவோரும் விளையாட்டு ஆக்குவோரும் பிழைதிருத்தி ஆக்குவோரும் அதனைக் கொள்வர். இந்நூலகமும் சுழியில் தொடங்கும் எண்களோடு பல பதிப்புகளாக வெளிவந்தே வளர்ந்தது.

இவ்வரலாற்றிலிருந்து சில நெறிகள் தெளிவாகின்றன. முதல் வெளியீடு சிறியதாக இருக்கலாம். ஆனால் ஒரு பயனையேனும் முழுமையாகத் தருதல் வேண்டும். பத்துப் பணிகளை அரைகுறையாய்ச் செய்வதினும் தட்டெழுதுதல் ஒன்றைச் செவ்வனே செய்வது நன்று. பதிப்பெண் உண்மை பேசுதல் வேண்டும். பழைய பயன்பாடு முறியுமாயின் முதல் எண்ணையும், புதியது சேருமாயின் இரண்டாம் எண்ணையும், பிழை மட்டும் திருந்துமாயின் மூன்றாம் எண்ணையும் மாற்றுவது பரவலான வழக்கு. நிரலர்க்கு வேண்டிய நூலகத்தையும் ஆசிரியர்க்கு வேண்டிய செயலியையும் எழுத்துருவையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துக் கட்டுதல் வேண்டும். உரிம ஆவணமின்றி எதனையும் வெளியிடலாகாது. உரிமம் கூறாத பொருளைப் பிறர் தொட அஞ்சுவர். ரெட்ஹாட் நிறுவனம் வெளியிட்ட 'லோகித்' எழுத்துருக்கள் 2011-இல் எழுத்துருக்களுக்கென்றே அமைந்த திறந்த உரிமத்துக்கு மாற்றப்பட்டமை இதனை நன்கு விளக்கும்.

இவையனைத்துக்கும் மேலான நெறி ஒன்று உண்டு. செயலி இளங்காயாக வெளிவரலாம். பிறர் எழுத்தைச் சுமக்கும் அட்டவணை அவ்வாறு வரலாகாது. செயலி தவறினால் ஒருநாள் வேலை கெடும். அட்டவணை தவறினால் ஒரு தலைமுறையின் எழுத்துக் கெடும். ஒருங்குறி மன்றம் இதனை உணர்ந்தே 1996-இல் வெளிவந்த 2.0 பதிப்பிலிருந்து எந்த எழுத்தையும் இடம் மாற்றுவதில்லை, நீக்குவதில்லை என்று உறுதி பூண்டது. அலைந்த இகரத்துக்கு அவ்வட்டவணையில் 2951 என்னும் எண் நிலையாய் வாய்த்துள்ளது. அங்கும் சேர்க்கை உண்டு, சேர்க்கைக்கும் விலையுண்டு. 2005-இல் 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின் 'ஸ்ரீ' என்பதனை இருவகையாகச் சேமிக்க இடமுண்டாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுபொறிக்கோ வேறு.

அயலார் காத்த தமிழ்

திஸ்கி வழக்கொழிந்தது. எனினும் அதில் எழுதப்பட்டவை அழிந்தொழியவில்லை. லினக்ஸ் கணினிகளின் அடித்தளமாகிய குனு சி நூலகத்தில் திஸ்கியை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் உள்ளது. 2002-இல் அதனை எழுதி அளித்தவர் புரூனோ ஹைபிள். 'கியூட்' என்னும் வரைகலை நூலகத்துக்கு அத்தகைய நிரலை அளித்தவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர். இருவர் பெயரும் தமிழ்ப் பெயர்களல்ல. அட்டவணை யாவரும் காணப் பொதுவில் வைக்கப்பட்டிருந்ததாலேயே அயல்மொழியாளரும் தமிழுக்கு இவ்வுதவியைச் செய்ய முடிந்தது. அவர்கள் நிரல் பொதியாகிக் கணினிதோறும் சென்றமையால், தமிழ் நூலொன்றைத் திறப்பவர் அவர் பெயரை அறியாமலே பயன் பெறுகின்றார்.

இதற்கு மாறாக, அட்டவணையை வெளியிடாத எழுத்துருக்களில் எழுதப்பட்டவற்றின் நிலை வேறு. எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதனைப் பிரித்துப் பார்த்து எண்ணை ஊகித்தறியலாம். அதுவும் கிடைக்காவிடில், பழைய நெகிழ்வட்டில் உள்ள கதையும் கவிதையும் பாடக்குறிப்பும் ஏட்டில் கிடந்து செல்லரித்த சுவடிக்கு ஒப்பானவையே. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளை எண்ணி வருந்தும் தமிழாசிரியர், தம் மேசை அறையிலுள்ள வட்டுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். எந்த எழுத்துருவில் எழுதியது என்று உறைமேல் குறித்து, அவ்வெழுத்துருவையும் உடன் வைத்து, இயன்றவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக் கொள்வாராயின் அடுத்த தலைமுறை அவரை வாழ்த்தும்.

செங்குன்றின் கதையில் ஊர் பிழைத்தமைக்குக் காரணம் வாழைத்தண்டின் வலிமையன்று. சிறுவன் தன் எண்ணத்தை மனத்துள் வைத்துப் பூட்டாமல் உரிய நேரத்தில் வாய்விட்டுச் சொன்னான். கேட்டவர் எல்லோரும் அதனைச் செய்ய முடிந்தது. அரசன் அவனைக் கொன்ற பின்னும் அரண் அமைக்கும் வழி ஊராரிடம் நின்றது.